பெயர் சாட்சி ஆகுமா?

பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், பொருளையே நேரில் கண்டுவிட்டதாகக் களிப்போர் நம் நாட்டிலே பலர். "சான்று எங்கே?" என்று கேட்டால், "பெயரே சான்று!" என்பர். "அந்தப் பெயரை இட்டவர் யார்? ஏன் இட்டார்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டாலோ, கேட்டவனைச் சினத்தோடு நோக்குவர்.

அண்மையில் இத்தகைய சான்றொன்று நம் காதில் விழுந்தது. "இமயத்தின் அடிவாரத்திலே மாபெரும் விலங்கொன்றின் எலும்பு கிடைத்திருக்கிறது. நான்கு கொம்புகள் கொண்ட விலங்கு! வெள்ளைக்கார விஞ்ஞானிகளே அதற்குச் சிவபெருமானின் திருப்பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இனியுமா புராணத்தைக் கட்டுக்கதை என்பீர்?" எங்கள் ஊர்த் திருவிழா மேடையிலே ஒரு சொற்பொழிவாளர் எழுப்பிய முழக்கம் இது. கைதட்டல் பலமாக இருந்தது.

எலும்பு கிடைத்தது மெய். நான்கு கொம்புகள் என்பதும் மெய். சிவன் பெயர் சூட்டப்பட்டதும் மெய்யே. மூன்று மெய்களைச் சேர்த்து முடிச்சிட்டு, அவற்றின் நடுவிலே ஒரு பொய்யை எப்படி அமரச் செய்கிறார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் அந்த விலங்கைப் பார்ப்போம். அது மேடையிலே வருணிக்கப்பட்டதைவிட வியப்பானது.

இமயமலைக்குத் தெற்கே, அதன் காலடியிலே நீண்டு கிடக்கிறது சிவாலிக் என்னும் குன்றுத்தொடர். இமயம் உயர உயர, அதிலிருந்து இறங்கிய ஆறுகள் அரித்துக் கொணர்ந்த மணலும் வண்டலும் சரளையும் படிந்து படிந்து உருவான குன்றுகள் அவை. ஆற்றங்கரையில் மடிந்த விலங்கை வண்டல் மூடியது. தசை அழிந்தது, எலும்பு எஞ்சியது. காலம் செல்லச் செல்ல நிலத்தடி நீரின் தாதுக்கள் எலும்பிலே ஊறி, அதைக் கல்லாக்கின. பல இலட்சம் ஆண்டுகளின் வரலாறு இப்படி ஏடு ஏடாக அந்தக் குன்றுகளிலே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் எவருமில்லை, ஆனால் படிக்கத் தெரிந்தவர்க்கு அது திறந்த நூல்.

1830-களில் அந்த நூலைப் புரட்டினர் இருவர். ஒருவர் ஹியூ பால்கனர். ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர். மற்றவர் பிராபி காட்லி. கால்வாய் வெட்டும் பொறியாளர். பின்னாளில் 1854-இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயை அமைத்தவர் அவரே. மார்க்கண்டா ஆற்றுப் பள்ளத்தாக்கிலே கிடைத்த மண்டையோடு ஒன்றை ஆராய்ந்து, 1836-இல் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதுவரை அறிவுலகம் அறியாத ஒரு விலங்கினத்தை அறிவித்தனர்; அதற்குச் 'சிவத்தீரியம்' என்று பெயரிட்டனர். 'தீரியோன்' என்றால் கிரேக்க மொழியில் விலங்கு. சிவாலிக் பணிக்காக 1837-இல் இலண்டன் நிலவியல் கழகம் இருவருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் அளித்தது.

எத்தகைய விலங்கு அது? அசைபோடும் இனம், இரட்டைக் குளம்பு. கண்களுக்கு மேலே கூம்பு போன்ற சிறு கொம்புகள் இரண்டு. தலையின் உச்சியிலே கிளைத்து விரிந்த பெருங்கொம்புகள் இரண்டு. மானின் கொம்புபோல் ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பவையல்ல அவை; மண்டையோடு ஒன்றிய எலும்புக் கொம்புகள். கழுத்தோ குட்டை, கால்களோ பருமன். ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் சிவாலிக் சமவெளிகளிலே அது மேய்ந்து திரிந்தது. இதன் நெருங்கிய உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்தன. அவற்றுள் ஒன்றன் எலும்புகள் தென்னாப்பிரிக்காவின் லாங்கபான்வெக் என்னும் இடத்திலே, ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுப் பழமையான படிவுகளில் கிடைத்துள்ளன. மனிதன், நம்மைப் போன்ற மனிதன், உலகில் தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. சிவாலிக்கில் அந்த விலங்கு திரிந்த நாளிலே அதைக் கண்டு பாட்டெழுதப் புலவனும் இல்லை. புராணம் சொல்லப் பௌராணிகனும் இல்லை!

இனிப் பெயருக்கு வருவோம்.

கயிலையும் இமயமும் சிவனின் இருப்பிடம் என்பது அங்குள்ள மரபு. அந்த மரபையொட்டியே குன்றுத்தொடருக்குச் சிவாலிக் என்று பெயர். குன்றின் பெயரையும், அதற்குரிய தெய்வத்தின் பெயரையும் நினைவூட்டும் வகையிலே விலங்குக்குப் பெயரிட்டனர் வெளிநாட்டார் இருவர். அவ்வளவுதான் செய்தி. பால்கனர் அதோடு நிற்கவில்லை. கம்பாத்து வளைகுடாவிலுள்ள பிரம் தீவிலே கிடைத்த, இதற்கு உறவான மற்றொரு விலங்குக்கு 1845-இல் 'பிரமத்தீரியம்' என்று பெயர் வைத்தார். பின்னர் 1876-இல் லிடெக்கர் என்பார், பர்மாவில் கிடைத்த தாடைத் துண்டுக்கு 'விஷ்ணுத்தீரியம்' என்று பெயர் சூட்டினார். மும்மூர்த்திகளும் ஆயிற்று! மும்மூர்த்திகள் இருந்தமைக்கு இவை சான்றென்றால், அம்மூவரும் அசைபோட்டனர் என்றும் அல்லவா ஒப்புக்கொள்ள நேரும்? மேடையிலே முழங்கியவர் அதை விரும்புவாரா?

பெயர் என்பது அடையாளம், ஆதாரமன்று. இதை அறிய இமயம்வரை போகவும் வேண்டியதில்லை. நம் தமிழிலே 'ஒட்டகச்சிவிங்கி' என்கிறோம். அது ஒட்டகமுமன்று, சிவிங்கியுமன்று. ஒட்டகத்தின் உயரமும் சிவிங்கியின் புள்ளியும் கண்டு, அறிந்த இரண்டைக் கூட்டி அறியாத ஒன்றுக்குப் பெயர் செய்தனர், அவ்வளவே. சிவன் கோயில் முற்றத்திலே நாகலிங்கமரம் நிற்கிறது. அதன் பூவிலே ஐந்தலை நாகம் குடைபிடிக்க உள்ளே இலிங்கம் வீற்றிருப்பதாகக் கண்டு கைகூப்புகின்றனர். அந்த மரத்தின் தாயகம் எது? தென்னமெரிக்கா! கடல் கடந்து வந்த மரம் அது. பூவின் வடிவம் இயற்கையுடையது; பெயர் நம்முடையது. நாமே வைத்த பெயரை நாமே சான்றாகக் காட்டுவது, தன் கையெழுத்துக்குத் தானே சாட்சிக் கையெழுத்திடுவது போன்றது.

பெயர் எவ்வளவு பெரிதாயினும் எலும்பின் முன் நிற்காது என்பதற்கு அதே சிவாலிக் படிவுகள் வேறொரு பாடமும் வைத்திருக்கின்றன. 1934-இல் அங்குக் கிடைத்த ஒரு தாடைத் துண்டுக்கு 'இராமபிதிகஸ்' என்று பெயரிட்டனர். மனிதனின் மூதாதை இதுவே என்று 1960-களில் அறிஞர் பலர் கருதினர். பாடநூல்களும் அவ்வாறே எழுதின. பின்னர் பாகிஸ்தானின் பொத்வார் மேட்டுநிலத்திலே 'சிவபிதிகஸ்' என்னும் குரங்கினத்தின் முக எலும்பு கிடைத்தது. 1982-இல் அதன் ஆய்வு வெளியாயிற்று. அந்த முகம் ஒராங்குட்டானுக்கு நெருங்கியது என்று தெரிந்தது. இராமபிதிகஸ் என்பது தனியினமன்று, அதுவும் சிவபிதிகஸே என்ற முடிவு வந்தது. பெயரும் போயிற்று, மூதாதைப் பட்டமும் போயிற்று. யாரும் ஊர்வலம் நடத்தவில்லை. எவர் மனமும் புண்படவில்லை. எலும்பு சொல்லியது, ஏற்றுக்கொண்டனர்.

இவ்வளவையும் வகுப்பறையிலே சொல்ல வேண்டிய வாய்ப்பு நமக்கு நேர்ந்தது. நாம் ஆசிரியப் பணியேற்று மூன்றாண்டுகளே ஆகின்றன. திருவிழா முடிந்த மறுவாரம், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சிவன் வளர்த்த விலங்கின் எலும்பு கிடைத்திருக்கிறதாமே, உண்மையா?" என்று கேட்டான். அவனை ஏளனம் செய்வது எளிது. வகுப்பு முழுவதும் நகைக்கும். பகுத்தறிவு வென்றுவிட்டதாக நாமும் மகிழலாம். ஆனால் நகைக்கப்பட்ட பிள்ளை அன்றோடு கேள்வி கேட்பதை விட்டுவிடுவான். கேள்வியைக் கொன்றுவிட்டுப் பகுத்தறிவை யாருக்காக வளர்ப்பது?

"எலும்பைக் கண்டால் எந்த விலங்கு என்று உங்களால் சொல்ல முடியுமா? நாளை ஒரு எலும்பு கொண்டு வாருங்கள், பார்ப்போம்" என்றோம்.

மறுநாள் ஒரே ஒரு பையன் கொண்டுவந்தான். அவன் தந்தை ஆட்டுக்கறிக் கடை வைத்திருப்பவர். கடைசி வரிசையில் அமர்ந்து, கேட்டாலன்றி வாய் திறவாத பிள்ளை. நன்கு கழுவிக் காயவைத்த ஆட்டுத்தலை எலும்பு ஒன்றைத் துணியிலே சுற்றி எடுத்துவந்தான். மேசைமேல் வைத்து, "இதிலே என்ன தெரிகிறது, தம்பி?" என்றோம். அவன் தயங்கவில்லை. "ஆட்டுக்கு மேல்தாடையிலே முன்பல் கிடையாது, ஐயா. மாட்டுக்கும் அப்படித்தான். கீழ்ப்பல்லை வைத்து வயது சொல்லலாம். கடைவாய்ப் பல்லிலே பிறை பிறையாகக் கோடு இருக்கும்" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். அசைபோடும் விலங்கை அடையாளங்காணப் பால்கனரும் காட்லியும் நோக்கிய பல் அதுதான்! அந்தப் பிறைக்கோடுகளைக் கரும்பலகையில் நாம் வரைந்தபோது, வகுப்பே எழுந்து மேசையைச் சூழ்ந்து நின்றது.

அப்போது உள்ளே வந்த மூத்த ஆசிரியர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "பள்ளிக்கூடத்திலே எலும்பா? தீட்டல்லவா? அதுவும் அவன் வீட்டிலிருந்தா?" என்றார். அந்தக் கடைசிச் சொல் பையனின் முகத்தை வாட்டியதைக் கண்டோம். "பாடநூலிலே எலும்பின் படம் இருக்கிறது, ஐயா; அதைத் தொட்டுப் படிக்கிறோம். படத்துக்கு இல்லாத தீட்டு பொருளுக்கு எங்கிருந்து வந்தது? நம் உடம்புக்குள்ளும் இருக்கிறதே எலும்பு, அதை எங்கே கழற்றி வைப்பது?" என்று பணிவோடு கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை, வெளியேறினார். மாலையிலே, எலும்பை அப்புறப்படுத்தும்படி தலைமையாசிரியரிடமிருந்து சொல் வந்தது. அப்புறப்படுத்தினோம். ஆனால் கரும்பலகையிலிருந்த பிறைக்கோடுகளை யாரும் அழிக்கவில்லை. மறுநாள் முதல் அந்தப் பையன் கடைசி வரிசையில் அமர்வதை மற்றப் பிள்ளைகள் ஒப்பவில்லை.

அன்று ஒரு மாணவி கேட்ட கேள்விதான் நம்மை இக்கட்டுரை எழுத வைத்தது. "மேடையில் பேசியவர் சொல்வதை நம்பக்கூடாது என்கிறீர்கள். அப்படியானால், விஞ்ஞானி சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும், ஐயா?"

எவ்வளவு கூரிய கேள்வி! தோழர்களே, நம்மில் எத்தனை பேர் இக்கேள்வியை நம்மை நோக்கிக் கேட்டிருக்கிறோம்? "முனிவர் சொன்னார், நம்பு" என்பதற்குப் பதிலாக, "விஞ்ஞானி சொன்னார், நம்பு" என்றால், குரு மாறினாரே தவிரக் குருட்டுத்தனம் மாறவில்லையே!

விஞ்ஞானிகளும் தவறினர். இதே விலங்கின் வரலாறே அதற்குச் சாட்சி. மண்டையோட்டின் மூக்கெலும்பு உயர்ந்து வளைந்திருப்பதைக் கண்ட பால்கனரும் காட்லியும், இதற்குத் தும்பிக்கை இருந்திருக்க வேண்டும் என்றனர். அடுத்த ஆண்டே, 1837-இல், பிரெஞ்சு அறிஞர் ஜெப்ராய் செயின்ட் இலேர், "இல்லை, இது ஒட்டகச்சிவிங்கியின் இனம்" என்று மறுத்தார். குட்டைக் கழுத்துள்ள ஒட்டகச்சிவிங்கியா என்று அன்று ஐயுற்றதில் வியப்பில்லை. 1871-இல் ஜேம்ஸ் மியூரி என்பார், மத்திய ஆசியாவின் சைகா மானைப்போலத் தொங்கும் மூக்கு வைத்து அதன் உருவத்தை அமைத்தார். 1901-இல்தான், காங்கோக் காட்டிலே வாழும் ஒகாப்பியை அறிவுலகம் அறிந்தது. குட்டைக் கழுத்தோடு, உயிரோடு, ஒட்டகச்சிவிங்கிக்கு உடன்பிறப்பாக ஒரு விலங்கு! ஜெப்ராய் சொன்ன உறவு இன்று ஏற்கப்பட்ட உண்மை, தும்பிக்கை மறைந்தது.

அதன் பருமனும் அப்படித்தான். யானைக்கு நிகரானது என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். 2016-இல் பாசு, பால்கிங்காம், ஹட்சின்சன் என்னும் மூவர், எலும்புகளை அளந்து கணினியிலே முழு உருவம் அமைத்துக் கணக்கிட்டனர். கிடைத்த எடை சராசரியாக ஏறத்தாழ 1250 கிலோ. இன்றைய பெரிய ஆண் ஒட்டகச்சிவிங்கி ஒன்றின் எடையை ஒத்தது அது. யானையின் எடையோ பல மடங்கு. பெயரிலே 'ஜைகாண்டியம்', அதாவது பூதாகரம், என்ற அடைமொழி இன்னும் இருக்கிறது. எடையை மட்டும் தராசு குறைத்துவிட்டது!

இன்னொரு பிழை இமயத்தைக் கடந்து ஈராக்கிலே நிகழ்ந்தது. சுமேரியரின் பழைய நகரமான கிஷ் என்னுமிடத்தைத் தோண்டியபோது, செம்பாலான கடிவாள வளையம் ஒன்று கிடைத்தது. 4500 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதன்மேல் கொம்புள்ள விலங்கு ஒன்றின் சிற்றுருவம். அமெரிக்க அறிஞர் கோல்பர்ட், இது சிவத்தீரியமாக இருக்கலாமோ, சுமேரியர் இதை உயிரோடு கண்டிருப்பரோ என்று 1936-இல் எழுதினார். கேட்பதற்கு இனிக்கும் செய்தி. நூல்கள் பலவற்றிலே பரவியது. ஆனால் அந்த உருவத்தின் கொம்பு முனைகள் ஒடிந்திருந்தன. ஒடிந்த துண்டுகள் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டு, பொருத்திப் பார்த்தபோது, அது மான் என்று விளங்கியது. 1985-இல் முல்லர்-கார்ப் என்பார் இதை வெளியிட்டார். மாபெரும் விலங்கு மறைந்து மான் வந்து நின்றது. ஒடிந்த கொம்பு எங்கே என்று தேடியவர்களின் வெற்றி அது!

மாணவியின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. விஞ்ஞானி சொன்னார் என்பதற்காக நாம் ஏற்கவில்லை. அவர் எதைக் கண்டு சொன்னாரோ, அதை நாமும் காணலாம் என்பதால் ஏற்கிறோம். அவர் அளந்ததை மற்றவர் மீண்டும் அளக்கலாம், தவறென்றால் திருத்தலாம், திருத்தியவரைத் துரோகி என்று எவரும் தூற்றார். தும்பிக்கை சொன்னவரும் பதக்கம் பெற்றவரே. ஆயினும் தும்பிக்கையைக் காப்பாற்ற ஒரு சங்கமும் தோன்றவில்லை. புராணத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வேறுபாடு, ஒன்று தவறும், மற்றது தவறாது என்பதன்று. ஒன்று தன் தவறைத் தானே தேடுகிறது. மற்றொன்று தேடுபவனைத் தண்டிக்கிறது.

எலும்பைக் கண்டு கதை கட்டியது நம் நாட்டாரின் தனிப்பழக்கமும் அன்று. 14-ஆம் நூற்றாண்டிலே தில்லியை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக், கால்வாய்க்காக மேடொன்றை வெட்டச் செய்தபோது, யானை எலும்புகளும் மாபெரும் மனித எலும்புகளும் வெளிப்பட்டதாக வரலாற்றாசிரியர் பெரிஷ்தா எழுதிவைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாத காலத்தார், அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்கினர். அவர்களை நாம் பழிக்கவில்லை. வழி திறந்த பின்னும் கண்ணை மூடிக்கொள்வோரைத்தான் கேட்கிறோம்.

மேலும் ஒன்றைக் கேட்க வேண்டும். துக்ளக்கின் மேட்டை வெட்டியவர் யார்? காட்லியின் கால்வாய்களைத் தோண்டியவர் யார்? சிவாலிக் சரிவுகளிலே வெயிலில் அலைந்து, கல்லையும் எலும்பையும் பிரித்தறிந்து, கூடையிலே சுமந்து வந்து கொடுத்தவர் யார்? பால்கனர் பெயர் உண்டு. காட்லி பெயர் உண்டு. விலங்குக்கும் கடவுள் பெயர் உண்டு. மண்வெட்டி பிடித்தவனுக்கு மட்டும் பெயரில்லை! பெயருக்கு இவ்வளவு பெருமை பேசுவோர், இந்தப் பெயரில்லாதோரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. எலும்பைத் தொட்டறிந்த கையைத் தீட்டென்று ஒதுக்குவர். அந்தக் கை எடுத்துத் தந்த எலும்பைப் புராணத்துக்குச் சான்றென்று மேடையேற்றுவர்!

இன்று ஹிமாச்சலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்திலே, மார்க்கண்டா ஆற்றை அடுத்த சுகேதி என்னும் ஊரில், 1974-இல் திறக்கப்பட்ட புதைபடிவப் பூங்கா இருக்கிறது. பண்டை விலங்குகளின் முழு அளவு உருவங்களை அங்கே நிறுத்தியிருக்கின்றனர். நான்கு கொம்பனும் அவற்றுள் ஒன்று. அந்த உருவம் வணங்குவதற்கன்று, எலும்போடு ஒப்பிடுவதற்கு. நாளை புதிய எலும்பு ஒன்று கிடைத்து, உருவம் தவறென்று தெரிந்தால், அதை மாற்றலாம், மாற்ற வேண்டும்.

இளைஞர்களே! இனி எந்த மேடையிலாவது, "விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது" என்ற முழக்கம் எழுந்தால், கூச்சலிடாதீர், நகைக்காதீர். எழுந்து நின்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். எலும்பு எங்கே? அளந்தவர் யார்? மீண்டும் அளக்க எங்களை விடுவீரா? நம் மேடைகளிலே நம்மவர் பேசும்போதும் அதே மூன்றையும் கேளுங்கள். விடை சொல்ல முடிந்தவர் யாராயினும் அவரிடம் கற்போம். முடியாதவர், எவ்வளவு பெரிய பெயரைச் சொன்னாலும், அது பெயர் மட்டுமே.